பிள்ளைக்குப் பால் ஆகவில்லையா?

தாய்மார்களே, காலையில் பால் குடித்துவிட்டுப் பள்ளிக்குப் போன பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பினால், “கள்ளம் பண்றான்” என்று ஏசுகிறோம். கண்ணூறு என்று திருநீறு போடுவோரும் உண்டு. போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. பாலையும் கொஞ்சம் கவனியுங்கள்.

பாலில் உள்ள சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். குடலில் ஊறும் லாக்டேஸ்தான் அதைச் செரிக்க வைக்கிறது. உலகில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு, பால்குடி மறந்து சில வருஷங்களில் அது குறைந்துவிடுகிறது. தென்னிந்திய வழிவந்த நம்மிடையே இது சர்வ சாதாரணம். அதைக் குறையாமல் காக்கும் மரபணு தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். இருவரிடமிருந்தும் வராத பிள்ளைக்குத்தான் தொல்லை. ஆகவே ஒரே வீட்டில் அண்ணன் குடிப்பான், தங்கைக்கு ஆகாது. ‘பெத்தவள் வளர்த்த லட்சணம்’ என்று பேசுவது அநியாயம்.

கிளினிக்கில் கேட்டுக்கொண்டு, 2 வாரம் பால், டின் பால், ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வயிறு சரியானால் மறுபடி கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள். உப்பசமும் பேதியும் திரும்பினால் காரணம் பெரும்பாலும் பால்தான். சந்தேகமிருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சை ஊதச் சொல்லிச் சோதிப்பார்கள். தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும். நெத்திலியை முள்ளோடு கொடுத்தால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும்.

எடை குறைந்தாலோ மலத்தில் இரத்தம் வந்தாலோ 2 வாரம் காத்திருக்காதீர்கள். கைக்குழந்தைக்குப் பேதி என்றால், தாய்ப்பாலை நிறுத்தாமலே உடனே கிளினிக்குக்குத் தூக்கிப் போங்கள்.