வலி தெரியாத பாதங்கள்

அன்ன நடை, வீர நடை, தளர் நடை என்று நடைக்குத் தமிழில் எத்தனையோ பெயர்கள் உண்டு. புலவர்கள் கண்ணால் பார்த்துப் பெயர் வைத்தார்கள். இன்று விஞ்ஞானிகள் கருவி கொண்டு நடையை அளக்கிறார்கள். செருப்பின் உட்புறத்தில் அட்டை போல் மெல்லிய தகடு ஒன்றை வைக்கிறார்கள். அதில் வரிசை வரிசையாகச் சென்சார்கள். குதிகாலில் விழும் பாரம் எவ்வளவு, பெருவிரலின் அடியில் விழுவது எவ்வளவு, பாதம் தரையில் தங்கும் நேரம் எவ்வளவு என்று அது கணக்குச் சொல்லிவிடுகிறது.

நடையை அளந்து என்ன ஆகப் போகிறது என்று சிலர் கேட்கலாம். வேலூர்க்காரர்கள் கேட்கவேண்டிய அவசியமில்லை. நடைக்கும் புண்ணுக்கும் உள்ள உறவை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் அந்த ஊரில் வேலை பார்த்த வைத்தியர்தான்.

டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். ஆங்கிலேயப் பாதிரியாரின் மகன். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் சதையை அழுக வைக்கிறது என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. அவர் கண்டது வேறு. நோய் நரம்பைக் கெடுக்கிறது. வலி தெரியாமல் போகிறது. அதன் பிறகு பாதத்தைப் பாழாக்குவது நோயாளியின் சொந்த நடையே!

இதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். நாம் நாலு மைல் நடந்தால், நம்மை அறியாமலே நடை மாறுகிறது. ஓரிடம் நோகத் தொடங்கியதும் பாரத்தை வேறு பக்கம் சாய்க்கிறோம், கொஞ்சம் நொண்டுகிறோம். அந்த நொண்டல் பாதத்துக்குக் காவல். மரத்துப்போன பாதத்துக்கு இந்தக் காவல் இல்லை. முதல் அடியை எப்படி வைத்ததோ, அப்படியே ஐயாயிரமாவது அடியையும் அதே இடத்தில் அதே பாரத்தோடு வைக்கிறது. தோலுக்கு அடியில் சதை நைந்து புண்ணாகிறது.

சென்சார் வருவதற்கு முன்பும் வைத்தியர்கள் சும்மா இருக்கவில்லை. மை தடவிய ரப்பர் விரிப்போடு காகிதத்தைச் சேர்த்து, நோயாளியை அதன்மேல் நடக்கச் சொன்னார்கள். பாரம் மிகுந்த இடம் கறுப்பாகப் பதியும். அந்த இடம் மெத்தென்று இருக்கும்படி நுண்துளை ரப்பரில் செருப்பு செய்தார்கள். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-ல் ஏற்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இந்தக் காரியத்தில் பெயர் பெற்றது.

பிராண்ட் பின்னர் அமெரிக்கா சென்றார். அங்கே கையுறையிலும் காலுறையிலும் சென்சார் பொருத்தி, செயற்கையாகவே ஒரு வலியை உண்டாக்கப் பார்த்தார். பாரம் மிஞ்சினால் காதில் ஓசை கேட்கும். யார் கேட்டார்கள்? பிறகு மின்சார அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். கையிலுள்ள வேலையை முடிக்கவேண்டும் என்று நோயாளிகள் அதையும் நிறுத்திவிட்டார்கள்! மனித சுபாவம் அப்படி. ஆகவே, எச்சரிக்கும் கருவியைவிட, பாரத்தைத் தானே தாங்கும் செருப்பே மேல் என்பது நமது அபிப்பிராயம். அளக்கும் கருவி அந்தச் செருப்பைச் சரியாகச் செய்ய உதவட்டும்.

இது தொழுநோயாளிகளின் பாடு மட்டும் அல்ல. சர்க்கரை வியாதியும் பாதத்தை மரத்துப்போகச் செய்கிறது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாகச் சொல்கிறது. இவர்களில் எத்தனை பேர் காலில் முள் தைத்தும் தெரியாமல் நடக்கிறார்களோ!

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொழிலாளர்கள் ஐரோப்பியர் காலுக்கு அளவெடுத்துப் பூட்ஸ் தைப்பதில் கெட்டிக்காரர்கள். நம்மவர் காலின் அளவோ நெடுநாள் யாருக்கும் தெரியாது. அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. நம் பாதம் ஐரோப்பியர் பாதத்தைவிட அகலம் என்று தெரிந்தது. குறுகலான பூட்ஸில் அகலமான பாதத்தைத் திணித்தால், வலி தெரிந்தவன் கழற்றி எறிவான். வலி தெரியாதவன் புண்ணோடு நடப்பான்.

கால் அளவு கிடைத்துவிட்டது. பாரத்தை அளக்கும் கருவியும் இருக்கிறது. அதை அரசாங்க ஆஸ்பத்திரிகளில், சர்க்கரை வியாதிக்காரர்கள் மாத்திரை வாங்க நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைக்கவேண்டும். கருவி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழை ஒன்று போதும். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம். நுண்துளை ரப்பர் செருப்பைப் பலர் போட மறுக்கிறார்கள். அதைக் கண்டதும் ஊரார் நோயைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்ற கூச்சம்தான் காரணம். புண் வந்தாலும் சரி, பெயர் கெடக்கூடாது என்று வெறுங்காலோடு நடக்கிறவர்கள் உண்டு. உள்ளே மெத்தென்ற ரப்பரும், வெளியே மற்றவர்கள் போடும் செருப்பின் அழகும் உள்ள ஒரு ஜோடியை மலிவு விலையில் தைப்பது ஆம்பூர்க் கைகளுக்குப் பெரிய காரியமா? முதலாளிகளும் வைத்தியர்களும் ஒரு நாள் உட்கார்ந்து பேசினால், மாதிரி ஜோடி அடுத்த மாதமே தயாராகிவிடும்.