டாக்டர் வரவில்லையா?

படுக்கையருகே மருத்துவர் உதவியாளர் வந்து நிற்கும்போது, நோயாளிகள் பலரும் கேட்கும் கேள்வி இது. அதிலுள்ள ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ஆயினும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சை பெற்ற பெரியவர் ஒருவர், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை உட்கொண்டு வந்தார். மூட்டுவலிக்காகக் கடையில் வாங்கிய வலிநிவாரணியையும் உடன் சாப்பிடுவதை அவர் என்னிடம் கூறவில்லை. நானும் கேட்கத் தவறினேன். இரண்டும் சேர்ந்தால் உள்ளே இரத்தக்கசிவு ஏற்படலாம். மாலையில் பொறுமையாக அமர்ந்து விசாரித்த உதவியாளரே அதை அறிந்து எனக்குத் தெரிவித்தார். அன்றே அந்த வலிநிவாரணியை நிறுத்தினேன்.

'பிசிஷியன் அசிஸ்டென்ட்' எனப்படும் இவர்கள் இப்பணிக்கெனவே பட்டம் பெற்றவர்கள். இந்தியாவில் இப்படிப்பு 1992-இல் சென்னையில்தான் தொடங்கியது. நோய் வரலாற்றைக் கேட்டறிவதும், பரிசோதித்து விவரங்களைத் தொகுத்தளிப்பதும் அவர்கள் பணி. சிகிச்சை குறித்த முடிவும் பொறுப்பும் மருத்துவருடையவை.

அவர்கள் மருத்துவர் அல்லர். அவ்வாறு காட்டிக்கொள்ளவும் கூடாது. ஐயம் எழுந்தால் "தாங்கள் யார்?" என்று கேட்பது உங்கள் உரிமை. விடை தெரிந்தபின் எதையும் மறைக்காதீர்கள். அவரிடம் சொல்வது என்னிடம் சொல்வதே.