சத்தமாகச் சொன்னால் பொய்யா?

"அன்ப்ளக்டு வெர்ஷன் கேட்டியா? அதுலதான் பாட்டு பாட்டா இருக்கு" என்று சொல்பவர்கள் எனக்கு நிறையப் பேரைத் தெரியும். நல்ல வாசகர்கள், நல்ல ரசனைக்காரர்கள். எலெக்ட்ரிக் கிட்டார் உறுமும் ஒரு ராக் பாட்டைப் போட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். அதே பாட்டை ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து அக்கூஸ்டிக் கிட்டாரோடு முணுமுணுத்தால் கண்ணை மூடிக்கொள்வார்கள். மெதுவான பாட்டு பிடிக்கிறது என்றால் தாராளமாகப் பிடிக்கட்டும், அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. என் சண்டை அவர்கள் அடுத்துச் சொல்லும் வார்த்தையோடுதான். 'பிடித்திருக்கிறது' என்பதோடு நிறுத்த மாட்டார்கள், 'இதுதான் உண்மை' என்பார்கள். மின்சாரம் வந்தால் நடிப்பு வந்துவிடும், பிளக்கைப் பிடுங்கினால் மனுஷன் வெளியே வந்துவிடுவான் என்று ஒரு நம்பிக்கை.

இந்த நம்பிக்கை தவறு. தவறு என்பதைவிட முக்கியமாக, அது நம் காதைக் கெடுக்கிறது. இதைச் சொல்ல எனக்கு ஒரே ஓர் ஆல்பம் போதும்: நீல் யங்கும் கிரேஸி ஹார்ஸ் குழுவும் 1979ல் வெளியிட்ட 'ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்'. துரு தூங்குவதே இல்லை என்று அர்த்தம். அந்தச் சொற்றொடர் டீவோ என்ற குழுவிடமிருந்து யங்குக்கு வந்தது.

ஆல்பத்தின் அமைப்பு எளிமையானது. இசைத்தட்டின் முதல் பக்கம் அக்கூஸ்டிக், ஐந்து பாட்டு. இரண்டாம் பக்கம் எலெக்ட்ரிக், நான்கு பாட்டு. முதல் பக்கம் 'மை மை, ஹே ஹே' என்று ஆரம்பிக்கும். இரண்டாம் பக்கம் 'ஹே ஹே, மை மை' என்று முடியும். இரண்டும் ஏறக்குறைய ஒரே பாட்டு. மெட்டு அதே, வரிகளில் கொஞ்சம் மாற்றம். முதலாவதில் ஒருவர் தனியாக, கிட்டாரும் ஹார்மோனிகாவுமாக நிற்கிறார். கடைசியில் நான்கு பேர் சேர்ந்து, கூரையைப் பெயர்க்கிற சத்தத்தில் வாசிக்கிறார்கள்: யங், ஃப்ராங்க் சாம்பெட்ரோ, பில்லி டால்பாட், ரால்ஃப் மோலினா.

இதை வைத்துக்கொண்டு நம் நண்பர்கள் ஒரு கதை சொல்வார்கள். முதல் பக்கம் கவிஞனின் அறை, இரண்டாம் பக்கம் ராக் ஸ்டாரின் மேடை. முதல் பக்கத்தில் ஆன்மா, இரண்டாம் பக்கத்தில் வாண வேடிக்கை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்த ஒலிப்பதிவுகள் எப்படி உருவாயின என்று பார்த்தால் கதை குப்புற விழுகிறது.

இரண்டாம் பக்கத்தின் நான்கு பாட்டுகளும் 1978 இலையுதிர்காலச் சுற்றுப்பயணத்தில் கூட்டத்துக்கு முன்னால் வாசிக்கப்பட்டவை. முதல் பக்கத்தில் மூன்று பாட்டுகள் மேடையில் பாடியவை, அதே ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவின் போர்டிங் ஹவுஸ் என்ற சின்ன அரங்கில். மீதி இரண்டு? 'போகஹொண்டாஸ்', 'செயில் அவே' இரண்டுமே மேடைப் பாட்டுகள் கிடையாது. வேறு சமயங்களில் தனியாகப் பதிவு செய்யப்பட்டவை. ஆக, இந்த ஆல்பத்தில் கூட்டத்தின் முகத்தையே பார்க்காத பாட்டுகள் இருப்பது 'ஆன்மா' பக்கத்தில்தான். வேர்வை சிந்தி வாசித்தது முழுக்க 'வாண வேடிக்கை' பக்கத்தில்.

அதோடு முடியவில்லை. மேடையில் பதிவானவற்றின் மீதும் பிறகு ஸ்டுடியோவில் ஓவர்டப் சேர்த்தார்கள். கைத்தட்டல், விசில் எல்லாவற்றையும் முடிந்தவரை அகற்றினார்கள். 1979 நவம்பரில், அதே சுற்றுப்பயணத்திலிருந்து 'லைவ் ரஸ்ட்' என்று இரட்டை ஆல்பம் ஒன்று வந்தது. அதில் கூட்டம் கத்துகிறது. ஒரே பயணம், இரண்டு ஆல்பம்: ஒன்றில் கூட்டம் இருக்கிறது, மற்றதில் இல்லை. எது உண்மை? இரண்டுமே தேர்ந்தெடுத்துச் செய்தவை. நேரலை ஆல்பம் என்பது மேடையில் எடுத்த கச்சாப் பொருளைக் கொண்டு கட்டிய வீடு. அதைக் காட்டில் முளைத்த மரம் என்று நினைப்பது ரசிகனின் ஆசை.

மேடையையும் பார்த்துவிடுவோம். 1978 அக்டோபர் 22 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் கௌ பேலஸ் அரங்கில் நடந்த நிகழ்ச்சி படமாகவே இருக்கிறது. மேடையில் ஆள் உயரத்தைத் தாண்டும் பொம்மை ஆம்ப்கள், ராட்சச மைக். முக்காடு போட்டு, கண்கள் ஒளிரும் உடையில் மேடைப் பணியாளர்கள். அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் குள்ள ஜாவாக்கள் மாதிரி இருப்பார்கள். அந்த ராட்சச ஆம்ப் ஒன்றின் மேல் யங் தூங்கிக்கொண்டிருக்கிறார். விழித்து எழுந்து, அக்கூஸ்டிக் கிட்டாரை எடுத்துத் தனியாகப் பாட ஆரம்பிக்கிறார். சின்னப் பையன் பெரியவர்களின் சாமான்களுக்கு நடுவில் கண் விழித்த மாதிரி. அதாவது, அன்றைய இரவின் முதல் நாடகக் காட்சியே அந்த அக்கூஸ்டிக் பகுதிதான். யங் அதை மறைக்கவும் இல்லை. மறைத்துக்கொள்வது நாம்தான்.

இப்போது கொஞ்சம் இஞ்சினியர் புத்தி. எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பியும். எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப் புலம் மாறும், கம்பியில் மின்னழுத்தம் பிறக்கும். ஃபாரடே 1831ல் கண்டுபிடித்த சமாச்சாரம். அந்தச் சிறு மின்னழுத்தத்தை வால்வு ஆம்ப் பெரிதாக்குகிறது. அதன் கொள்ளளவுக்கு மேல் தள்ளினால் அலையின் உச்சி நசுங்கும், மூல ஒலியில் இல்லாத புது ஸ்வரங்கள் கிளம்பும். அதைத்தான் டிஸ்டார்ஷன் என்கிறோம். இன்னும் சத்தம் கூட்டினால் ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலியே தந்தியைத் திரும்ப அதிர வைக்கும். அது ஃபீட்பேக். வாசிப்பவர் ஆம்பை நோக்கி ஓர் அடி நகர்ந்தால் ஒலி மாறும், உடம்பைத் திருப்பினால் மாறும். கருவி, ஆம்ப், அறை, மனித உடம்பு நான்கும் ஒரே சுற்றில் மாட்டிக்கொள்கின்றன. யங் இதற்கு வைத்திருந்தது 1953ம் ஆண்டு கிப்சன் லெஸ் பால் கிட்டார் ஒன்று, கறுப்புச் சாயம் அடித்தது, பெயர் 'ஓல்ட் பிளாக்'. இதில் எங்கே மனுஷன் காணாமல் போகிறான்? அவன் மூச்சு விட்டாலே ஒலியில் தெரிகிற இடம் இது.

அக்கூஸ்டிக் பதிவுக்கு வருவோம். ஓர் அரங்கில் ஆயிரம் பேருக்கு மரக் கிட்டார் கேட்க வேண்டும் என்றால் மைக் வேண்டும், ஸ்பீக்கர் வேண்டும். பதிவில் விரல் தந்தியில் உரசும் கீச்சொலி, பாடகர் மூச்சிழுப்பது எல்லாம் காதுக்குள் கேட்கிறதே, அது மைக்கை எவ்வளவு அருகில் வைப்பது என்று ஒரு சவுண்ட் இஞ்சினியர் எடுத்த முடிவு. நிஜ வாழ்க்கையில் அந்தத் தூரத்தில் நம் காதை வைத்தால் பாடகர் எழுந்து போய்விடுவார். எங்கள் மென்பொருள் தொழிலில் இது அன்றாடம் பார்ப்பது. ஒரே ஒரு பொத்தான் மட்டும் இருக்கும் திரையின் பின்னால்தான் அதிகம் பேர் ராத்திரி முழித்திருப்பார்கள். எளிமையாகத் தெரிவது வேறு, எளிமையாக இருப்பது வேறு.

இதற்குச் சிகரமான உதாரணம் நிர்வாணா. 1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் எம்டிவிக்காக வாசித்த 'அன்ப்ளக்டு' நிகழ்ச்சியைப் பலரும் நேர்மையின் உச்சம் என்பார்கள். எனக்கும் மிகப் பிடித்த பதிவு. ஆனால் கர்ட் கோபேன் கையில் இருந்தது பிக்கப் பொருத்திய மார்ட்டின் டி-18ஈ. அது ஓர் ஆம்ப் வழியாகப் போனது. அந்த ஆம்ப் கேமராவில் ஆம்பாகத் தெரியாமல் இருக்க, தயாரிப்பாளர் அதற்கு முன்னால் ஒரு போலிப் பெட்டி வைத்து மறைத்தார். 'தி மேன் ஹூ சோல்ட் தி வேர்ல்ட்' பாட்டில் கிட்டார் கரகரப்பதைக் கேளுங்கள், அது மின்சாரம்தான். லில்லிப் பூக்கள், கறுப்பு மெழுகுவர்த்திகள், சரவிளக்கு என்ற மேடை அலங்காரம் முழுக்க கோபேன் கேட்டு வாங்கியது. அந்தக் கிட்டார் 2020ல் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. வாங்கியவர் ஒரு மைக் கம்பெனியின் நிறுவனர்! 'பிளக் இல்லாத உண்மை'யின் விலை என்ன என்று அவருக்குத் தெரியாதா?

இதனால் அந்தப் பதிவு பொய்யாகிவிடுமா? ஆகாது. கோபேன் தனக்கு வேண்டிய ஒலியை உண்டாக்க வேண்டியதைச் செய்தார். கலைஞர் வேலையே அதுதான். பொய் இருப்பது 'அன்ப்ளக்டு' என்ற பெயர்ப்பலகையிலும், அதை அப்படியே நம்பி மற்ற ஆல்பங்களைக் கீழே தள்ளும் நம்மிடமும்.

இந்த நம்பிக்கைக்குப் பழைய வரலாறு உண்டு. 1966 மே 17, மான்செஸ்டர். பாப் டிலன் முதல் பாதியைத் தனியாக, அக்கூஸ்டிக்காகப் பாடினார். மரியாதையாகக் கேட்டார்கள். இடைவேளைக்குப் பிறகு ஹாக்ஸ் குழுவோடு, எலெக்ட்ரிக் கிட்டாரோடு வந்தார். கூட்டத்திலிருந்து ஒருவர் 'யூதாஸ்!' என்று கத்தினார். அதே ஆள், அதே குரல், அதே இரவு. நடுவில் மாறியது ஒரு வயர். அதற்கே ஏசுவைக் காட்டிக்கொடுத்தவன் பட்டம். அந்த இரவின் பதிவு 1998ல்தான் அதிகாரபூர்வமாக வெளிவந்தது. இன்று கேட்பவர்கள் பலரும் அந்த இரண்டாம் பாதிக்காகத்தான் கேட்கிறார்கள்.

எதிர்த்தரப்பில் ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சத்தம் பலவீனமான பாட்டை மறைத்துவிடும், தனிக் கிட்டாரோடு நின்றால்தான் பாட்டின் எலும்பு தெரியும் என்பார்கள். பாதி சரி. சத்தத்துக்குள் ஒளிந்துகொண்ட மொக்கைப் பாட்டுகள் ஏராளம். ஆனால் கிசுகிசுப்புக்குள் ஒளிந்துகொண்டவையும் அதே அளவு உண்டு. குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் உடைய விட்டு, வரிக்கு வரி மூச்சை இழுத்தால் மின்சாரக் கட்டண ரசீதைக்கூட ஒப்பாரியாக்கிவிடலாம். மறைப்பதற்குச் சத்தம் ஒரு திரை, மென்மை இன்னொரு திரை. சத்தத்தைச் சந்தேகிக்கக் கற்றுக்கொண்ட நாம் மென்மையை மட்டும் ஏன் சந்தேகிப்பதே இல்லை?

எனக்கு இது வெறும் இசை விவகாரமாக இருந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 'ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் 'பவுடர்ஃபிங்கர்' என்ற பாட்டில் தொடங்குகிறது. ஆற்றில் துப்பாக்கிகளோடு ஒரு படகு வருகிறது. பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. 22 வயதுப் பையன் ஒருவன் அப்பாவின் துப்பாக்கியோடு நிற்கிறான். சாகிறான். கதையைச் சொல்வதும் அவனேதான். இந்தப் பாட்டை யங் 1976ல் தனியாக, அக்கூஸ்டிக்காகப் பாடிய பதிவு ஒன்று 2017ல் 'ஹிட்ச்ஹைக்கர்' ஆல்பத்தில் வந்தது. அழகான பதிவு. அதில் செத்துப்போன பையன் நமக்கு நிதானமாகத் தன் கதையைச் சொல்கிறான், நாம் உச்சுக் கொட்டலாம். கிரேஸி ஹார்ஸோடு வாசித்த வடிவத்தில் அந்த வசதி இல்லை. கிட்டார் அவன் சொல்லி முடிக்காததையெல்லாம் இழுத்துக்கொண்டு வருகிறது. கடைசியில் மற்றவர்களின் குரலும் சேரும்போது, சாக வேண்டிய வயசா இது என்று ஓர் ஊரே கேட்பது போல இருக்கிறது. அந்தக் கேள்வியை முணுமுணுப்பாகக் கேட்க முடியாது. கத்தித்தான் கேட்க வேண்டும்.

வலி மெதுவாகப் பேசினால்தான் நம்புவேன் என்று சொல்வது ரசனை கிடையாது, அது ஒரு நிபந்தனை. வீட்டில், ஆபீசில், தெருவில் இந்த நிபந்தனையை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! 'கத்தாம சொல்லு, கேக்குறேன்.' மெதுவாகச் சொல்லிச் சொல்லி யாரும் கேட்காமல் போனதால்தான் எதிரில் இருப்பவர் கத்துகிறார் என்பது அந்த நேரத்தில் மறந்துபோகும். நம் இலக்கியச் சூழலிலும் இதே காதுதான் வேலை செய்கிறது. தணிந்த குரலில் வரும் துயரம் கவிதை, உரத்த குரலில் வரும் துயரம் கோஷம், பிரச்சாரம். எழுத்தின் தரத்தைப் பார்ப்பதற்கு முன்பே வால்யூமைப் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். உரத்த குரலில் மோசமான கவிதைகள் உண்டு, மறுக்கவில்லை. தணிந்த குரலில் மோசமான கவிதைகளை வாரம் ஒன்று படித்துக்கொண்டிருக்கிறேன், அவற்றை 'நுட்பம்' என்று பாராட்டுகிறார்கள்.

யங் இந்த ஆல்பத்தை அடுக்கிய விதத்திலேயே பதில் இருக்கிறது. ஒரே பாட்டை இரண்டு முனையிலும் வைத்தார். எது மூலம், எது நகல் என்று சொல்லவில்லை. முதல் பாட்டில் இருக்கும் தனிமை கடைசிப் பாட்டில் இல்லை, கடைசிப் பாட்டில் இருக்கும் ஆத்திரம் முதல் பாட்டில் இல்லை. ஒன்று இல்லாமல் மற்றது பாதிதான். மனிதர்கள் இரண்டு விதமாகவும் உண்மை பேசுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் ராக் இசையில் நான் கேட்டதில்லை.

முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிற நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு தடவை, ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரில், இரண்டாம் பக்கத்திலிருந்து ஆரம்பித்துக் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினால் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. அதுவரைக்குமாவது அந்த 22 வயதுப் பையனைக் கத்த விடுங்கள்.