வல்லவனுக்கு ஊரில் ஓர் இடம்

ஒரு பாடகர் சில ஆண்டுகள் பாடுகிறார். பிறகு கொஞ்ச காலம் சத்தமில்லை. திடீரென்று சொந்த முயற்சியில் ஒரு பாடல் தொகுப்போடு வந்து நிற்கிறார். நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி என்ன தெரியுமா? "இவரு இன்னும் பாடுறாரா?" வானொலியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. அவர் ராப் பாடகர் என்றால் கேள்வியோடு ஒரு சிரிப்பும் சேர்ந்து வரும். ராப் என்றால் பையன்கள் விளையாட்டு, வயது கூடியவருக்கு அங்கே என்ன வேலை என்ற நினைப்பு.

அந்தச் சிரிப்புக்குப் பதில் நம் நாட்டிலேயே இருக்கிறது. அவர் பெயர் யோகி பி.

1990-களில் 'போயட்டிக் அம்மோ' குழுவை அறியாத இளைஞர்கள் இங்கே குறைவு. 1998-இல் 'இட்ஸ் எ நைஸ் டே டு பி அலைவ்' என்ற முதல் தொகுப்பு வந்தது. ஆங்கிலம், மலாய், கெண்டனீஸ், தமிழ் என்று நான்கு மொழிகளிலும் புகுந்து விளையாடினார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் தமிழ் விருந்தாளி மாதிரிதான் வந்துபோனது. குழுவின் ஆரவாரம் அடங்கிய பிறகு, 2006-இல் யோகி பி மறுபடி வந்தார். டாக்டர் பர்ன், எம்சி ஜேஸ் இருவரும் அடங்கிய 'நட்சத்ரா'வோடு சேர்ந்து 'வல்லவன்' தொகுப்பைக் கொடுத்தார். இந்த முறை தமிழ்தான் வீட்டுக்காரர்.

அதில் வந்த 'மடை திறந்து' பாடலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். 1980-இல் வெளியான 'நிழல்கள்' படத்துக்காக இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடிய பாட்டின் மெட்டு அது. அதன் மேல் ராப் ஏறியது. அப்பாவுக்கு மெட்டு தெரியும், அண்ணனுக்கு ராப் தெரியும். ஜாசின் பக்கத் தோட்டத்தில் வளர்ந்த எங்கள் வீட்டில் ஒரே ஒரு வானொலிப் பெட்டிதான். அதற்காக நடந்த சண்டை அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் ஓய்ந்தது. பள்ளிப் பேருந்திலும் அதுதான். பாட்டு முடிவதற்குள் பள்ளி வந்துவிட்டால் யாரும் இறங்க மாட்டோம். ஓட்டுநர் அண்ணனும் அவசரப்படுத்த மாட்டார்.

பிறகு ஊடகக் கல்வி படிக்கும்போதுதான் அதன் நுணுக்கம் புரிந்தது. எதுகை, மோனை, இயைபு என்று தமிழாசிரியர் பலகையில் எழுதிப் போட்டதைத்தான் இவர்கள் தாளத்தில் வைத்துச் சொல்கிறார்கள். தேர்வில் செய்யுள் பகுதியைக் கண்டாலே ஓடும் பையன், இரண்டு மூன்று நிமிட ராப்பை ஓர் எழுத்து பிசகாமல் ஒப்பிப்பான். அவனுக்குத் தமிழ் வரவில்லை என்று யார் சொன்னது?

அதற்கடுத்து நடந்ததையும் பாருங்கள். 2007-இல் 'பொல்லாதவன்', 2011-இல் 'ஆடுகளம்', 2017-இல் 'விவேகம்', 2018-இல் ரஜினியின் 'காலா' என்று தமிழகத் திரையுலகம் யோகி பியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. முதல் தொகுப்பு வந்து பத்தொன்பது ஆண்டுகள் கழித்து அஜித் படத்தில் அவர் குரல் ஒலித்தது. தமிழகத்தில் 'ஹிப்ஹாப் தமிழன்' தொகுப்பு வந்ததே 2012-இல்தான். அதாவது, இந்தத் துறையில் நாம் ஆறு ஆண்டுகள் முன்னால் நடந்தவர்கள். ஆனாலும் சென்னை கைதட்டிய பிறகுதான் நம்மில் பலர் "நம்ம ஆளு" என்று சொல்லத் தொடங்கினோம். இந்தப் பழக்கம் எனக்கு உறுத்துகிறது.

தனியிசை என்றால் இங்கே இரண்டு பொருள். ஒன்று, சினிமாவைச் சாராதது. மற்றொன்று, பெரிய நிறுவனம் பின்னால் இல்லாதது. இரண்டாவது வகைக் கலைஞர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு, இசை அமைப்புக்கு, காணொளிக்கு எல்லாவற்றுக்கும் தன் பையிலிருந்து எடுத்து வைக்கிறார். திரும்ப என்ன வருகிறது? ஸ்போட்டிஃபையில் ஒரு பாட்டை 30 விநாடிகளாவது கேட்டால்தான் அது கணக்கில் சேரும். 2024 முதல், 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே ஒரு காசும் கிடையாது. நீங்கள் வாட்ஸ்அப்பில் பாட்டுக் கோப்பை அனுப்பினால் எந்தக் கணக்கிலும் ஏறாது. அன்பாகத்தான் அனுப்புகிறீர்கள், ஆனால் பாடியவர் கைக்கு எதுவும் போவதில்லை. அதற்குப் பதிலாக அவருடைய சொந்தப் பக்கத்தின் இணைப்பை அனுப்புங்கள்.

எங்கள் வானொலித் துறைக்கும் இதில் பங்கு உண்டு. நான் முதலில் வேலை பார்த்த நிலையத்தில் உள்ளூர்ப் பாடலுக்கு ஒதுக்கிய நேரம் இரவு பதினொன்றுக்கு மேல். காலை மூன்றரைக்கு எழுந்து பால்மரம் சீவப் போகிறவர் அந்நேரம் எப்படிக் கேட்பார்? இப்போது என் நிகழ்ச்சியில் பகலிலேயே போடுகிறேன். பாடியவர் பெயரோடு எழுதியவர், இசையமைத்தவர் பெயரையும் சொல்கிறேன். பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிமைத்தொகை வாங்கித் தர எம்ஏசிபி என்ற அமைப்பு இருக்கிறது. அதில் பதிந்துகொள்ளாத நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். முதல் பாட்டை வெளியிடும் முன்பே அந்த வேலையை முடித்துவிடுங்கள், தம்பி தங்கைகளே.

மெர்லிமாவிலிருந்து ஓர் அம்மா நிகழ்ச்சிக்கு அழைத்தார். "ஐயா, இந்த ராப்பு கேட்டா புள்ளைங்க கெட்டுப் போயிடுமோன்னு பயமா இருக்கு." அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். கத்தியும் கும்பலும் பெருமை என்று பாடும் பாட்டுகளும் வருகின்றன. தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்தை விட்டுத் தாமானுக்கு வந்த குடும்பங்களில் பிள்ளைகள் யாரைப் பார்த்து வளர்கிறார்கள் என்பது பெரிய கேள்வி. அதனால்தான் மூத்த கலைஞர் திரும்பி வருவது முக்கியம் என்கிறேன். பதினேழு வயதில் கோபத்தைப் பாடுவது எளிது. அதே ஆள் குடும்பம், கடன், இழப்பு எல்லாம் பார்த்துவிட்டு வந்து பாடும்போது, அந்தப் பிள்ளைக்கு வேறொரு வழி கண்ணில் படும். அந்த அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன். பாட்டை நிறுத்தாதீர்கள், ஒருமுறை மகனோடு உட்கார்ந்து கேளுங்கள், பிடிக்காத வரியை அவனிடமே கேளுங்கள் என்றேன்.

மலாக்காவில் அடுத்து உங்கள் வீட்டில் ஒரு விருந்து நடந்தால், ஒலிபெருக்கிக்காரரிடம் கொடுக்கும் பட்டியலில் உள்ளூர்ப் பாடல் ஐந்து எழுதுங்கள். புதியவர்கள் மூவர், மூத்தவர்கள் இருவர். முன்பணம் கொடுக்கும்போதே பட்டியலையும் கொடுத்துவிடுங்கள். விருந்தன்று நேரம் இருக்காது.