பன்னிரண்டு கட்டத்துக்குள் ஒரு பாட்டு

இப்போதெல்லாம் பல வீடுகளில் ஒரு காட்சியைப் பார்க்கிறேன். ஹாலின் ஒரு மூலையில் கீபோர்டு. அதன் மேல் தூசி படியாமல் ஒரு விரிப்பு. விரிப்பின் மேல் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணிமணிகள்!

"குழந்தைக்காக வாங்கினோம் மாமி. மூணு பரீட்சை பாஸ் பண்ணிட்டா. புஸ்தகத்தில் இருக்கிறதை அழகா வாசிப்பா. ஆனா புஸ்தகத்தை மூடினா, கையும் அப்படியே நின்னு போயிடறது" என்பாள் தாயார்.

"நீயாவது தொட்டுப் பார்க்கிறதுதானே?" என்றால், "நானா? எனக்கு ஏது மாமி நேரம்? அதோட, தப்பா வாசிச்சா எல்லாரும் சிரிப்பாளே!" என்று பதில் வரும்.

புத்தகம் இல்லாவிட்டால் உறைந்து போகிற குழந்தை, தப்புக்குப் பயந்து தொடவே மாட்டேன் என்கிற அம்மா. இரண்டு பேருக்கும் கை கொடுக்கக் கூடிய ஒரு சங்கீதம் இருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகத்துக்குக் கொடுத்த ப்ளூஸும் அதன் உடன்பிறப்பான ஜாஸும்தான் அது. "அதெல்லாம் ஓட்டல் சங்கீதம், நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். இந்தச் சங்கீதத்தில் வீட்டுக்கும் அம்மாவின் மடிக்கும் பெரிய பங்கு உண்டு.

மேரி லூ வில்லியம்ஸ் என்று ஒரு பெண்மணி. 1910-ல் அட்லாண்டாவில் பிறந்து பிட்ஸ்பர்க் நகரில் வளர்ந்தவர். அவருடைய அம்மா, காலால் மிதித்துக் காற்றடைக்கும் ஆர்கன் வாசிப்பாள். குழந்தையை மடியில் வைத்துக் கொண்டே வாசிப்பது வழக்கம். ஒரு நாள், மூன்று வயசு கூட நிறைந்திருக்குமோ என்னவோ, மடியில் இருந்த குழந்தை கையை நீட்டி, அம்மா வாசித்ததை அப்படியே திருப்பி வாசித்ததாம்!

அந்தத் தாய் செய்த காரியம்தான் வேடிக்கை. வாத்தியாரைத் தேடி ஓடவில்லை. "வாத்தியாரே வேண்டாம்" என்று முடிவு செய்தாள்! காரணம், நோட்டைப் பார்த்து வாசிக்கப் பழகிய பிறகு அவளுக்கே சொந்தமாகக் கற்பனை செய்து வாசிக்கிற சக்தி போய்விட்டது. தனக்கு நேர்ந்தது மகளுக்கும் நேரக் கூடாது என்று நினைத்தாள். அதற்குப் பதிலாக, நல்ல வாத்தியக்காரர்களை வீட்டுக்கு அழைத்து வாசிக்கச் சொல்லி, குழந்தையைக் கேட்க வைத்தாள். அந்தக் குழந்தை ஆறேழு வயசிலேயே விருந்துகளில் வாசித்து, பெரிய குடும்பத்தின் செலவுக்குக் கை கொடுத்தது.

அப்படியானால் நோட்டே வேண்டாமா? அப்படியும் சொல்ல முடியாது. பின்னால் கான்ஸஸ் சிட்டியில் ஆண்டி கர்க் என்பவருடைய இசைக் குழுவில் சேர்ந்தபோது, மேரி லூவின் மனசில் தோன்றியதையெல்லாம் மற்ற வாத்தியக்காரர்களுக்கு எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது. அப்போது எழுதவும் கற்றுக் கொண்டார். 1945-ல் பன்னிரண்டு ராசிகளுக்கும் 'ஸோடியாக் ஸூட்' என்று ஓர் இசைத் தொகுப்பே எழுதினார். 1977 முதல், 1981-ல் காலமாகும் வரை, ட்யூக் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். முதலில் காது, பிறகு நோட்டு. வரிசை அதுதான். நம் வீடுகளில் வரிசை தலைகீழாக இருப்பதால்தான் துணி அடுக்குகிற நிலைமை!

சரி, எப்படி ஆரம்பிப்பது? கையில் 61 கட்டை உள்ள சாதாரண கீபோர்டு இருந்தாலே போதும்.

ப்ளூஸில் சாதாரணமாகப் பாட்டு பன்னிரண்டு கட்டங்களில் முடியும். கட்டத்துக்கு நான்கு எண்ணிக்கை. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. நம் ஆவர்த்தனம் மாதிரி சுற்றிச் சுற்றி வரும். புள்ளி வைத்துக் கோலம் போடுகிறோமே, புள்ளி மாறாது, கோலம் மாறும், அந்தக் கணக்குதான். புள்ளி இருப்பதால்தானே தைரியமாக இழுக்கிறோம்?

சிறு வயசில் பாட்டு கற்றவர்களுக்காக ஸ்வரப் பெயரிலேயே சொல்கிறேன். இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்துக்கு உடனே இடப் பக்கம் உள்ள வெள்ளைக் கட்டை 'ச'. மேற்கத்தியர் அதை 'ஸி' என்பார்கள். நம் ஒரு கட்டை சுருதி. அதிலிருந்து வெள்ளைக் கட்டைகளிலேயே நான்காவது 'ம', ஐந்தாவது 'ப'.

முதல் வாரம் இடது கை மட்டும். 'ச'வையும் 'ப'வையும் சேர்த்து அழுத்துங்கள். இது 'ச' வீடு. 'ம'வையும் மேல் 'ச'வையும் சேர்த்தால் 'ம' வீடு. 'ப'வையும் மேல் 'ரி'யையும் சேர்த்தால் 'ப' வீடு. இனி, முதல் நான்கு கட்டம் 'ச' வீடு. ஐந்து, ஆறு 'ம' வீடு. ஏழு, எட்டு மறுபடி 'ச' வீடு. ஒன்பது 'ப', பத்து 'ம'. பதினொன்று, பன்னிரண்டு 'ச' வீட்டுக்கே திரும்பி வந்துவிட வேண்டும். பிறந்த வீடு, புகுந்த வீடு, நடுவில் நாத்தனார் வீடு என்று எப்படி வேண்டுமானாலும் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்! இது கையில் தானாக ஓட வேண்டும். பேசிக் கொண்டே வாசிக்க வந்தால் தேறியாகிவிட்டது என்று அர்த்தம்.

தாளத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. 'ஸ்விங்' என்பார்கள். ஊஞ்சல் என்றே வைத்துக் கொள்ளுங்களேன். ஒவ்வோர் எண்ணிக்கையையும் சரிபாதியாகப் பிரிக்கக் கூடாது. 'தகிட' என்று சொல்லிப் பாருங்கள். 'தகி'யை நீட்டி, 'ட'வைத் தட்டுங்கள். நெடில், குறில், நெடில், குறில். வந்துவிட்டதா ஊஞ்சல்? இது வராமல் என்ன வாசித்தாலும் உப்பில்லாத ரசம்தான்.

இரண்டாவது வாரம் வலது கை. இதற்கான ஸ்வரங்கள் ஆறே ஆறு. ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், பிரதி மத்தியமம், ப, கைசிகி நிஷாதம். கட்டையில் சொன்னால், காந்தாரம் அந்த இரட்டைக் கறுப்பில் இரண்டாவது. பிரதி மத்தியமம், மூன்று கறுப்பு சேர்ந்த கூட்டத்தில் முதலாவது. நிஷாதம் அதே கூட்டத்தில் மூன்றாவது. பிரதி மத்தியமத்தை விட்டுவிட்டு வாசித்துப் பாருங்கள். "அட, இது சுத்த தன்யாசி ஆயிற்றே!" என்பீர்கள். ஸ்வரங்கள் அதேதான். ஆனால் ரசம் வேறு. ஏன் தெரியுமா?

இடது கை பழகின பிறகு, 'ச' வீட்டில் ச, அந்தர காந்தாரம், ப, கைசிகி நிஷாதம் நாலையும் ஒன்றாக அழுத்துவார்கள். இப்படிச் சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டத்துக்குக் 'கார்டு' என்று பெயர். கீழே அந்தர காந்தாரம் ஒலிக்க, மேலே வலது கையில் சாதாரண காந்தாரம் வந்து உரசும். நம் சங்கீதத்தில் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் ஒலிக்க விட மாட்டோம். ப்ளூஸில் அந்த உரசலில்தான் உயிரே இருக்கிறது. சிரிப்பும் அழுகையும் ஒரே தொண்டையிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். பாடுகிறவர்கள் குரலை வளைத்து இரண்டுக்கும் நடுவில் நிற்பார்கள். பியானோவில் வளைக்க முடியாதே? அதனால் கறுப்புக் கட்டையிலிருந்து விரலை அப்படியே வெள்ளைக் கட்டைக்கு வழுக்க விடுவார்கள். இந்தச் சங்கீதத்தைக் கொடுத்தவர்கள் அடிமை வாழ்க்கையிலிருந்து வந்த மக்கள். வயலில் பாடிய பாட்டும் கோயிலில் பாடிய பாட்டும் கலந்து வந்தது. அந்த உரசலுக்குப் பின்னால் அத்தனை பெரிய துக்கம் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக் கொண்டு வாசிப்பது நல்லது.

மூன்றாவது வாரம்தான் கற்பனை. பயப்படாதீர்கள். ஆறு ஸ்வரத்தையும் அள்ளி வீச வேண்டாம். மூன்றை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள். முதல் இரண்டு கட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். "சாப்பிட வரியா?" என்று கூப்பிடுகிறோமே, அந்த ஏற்ற இறக்கம் போதும். அடுத்த இரண்டு கட்டத்தில் சும்மா இருங்கள், அல்லது சின்னதாக ஒரு பதில். இடது கை மாறும்போது அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். கடைசி நான்கு கட்டத்தில் முடிவான பதில். ப்ளூஸ் பாட்டில் வரிகளும் இப்படித்தான் வரும். முதல் வரி, அதையே இரண்டாம் முறை, பிறகு முடிக்கிற வரி.

தப்பான கட்டையில் விரல் பட்டால்? நிறுத்தாதீர்கள். பக்கத்துக் கட்டைக்கு நகர்ந்து விடுங்கள். கேட்கிறவருக்கு அது வேண்டுமென்றே செய்த வழுக்கல் மாதிரிதான் இருக்கும்! அதையே இன்னொரு தடவை வாசித்தால் அது உங்கள் சொந்தச் சங்கதி. நான் இப்படித்தான் பழகி வருகிறேன். நிறுத்தாமல் போவதுதான் பாதி வித்தை.

லில் ஹார்டின் என்ற இளம்பெண்ணின் கதையைக் கேளுங்கள். நோட்டு படித்தவர். சிகாகோவில் ஓர் இசைக் கடையில் பாட்டுத் தாள்களை வாசித்துக் காட்டும் வேலை பார்த்தார். நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த ஒரு குழுவில் வாசிக்கப் போனபோது நோட்டு எங்கே என்று கேட்டாராம். இல்லை என்றார்கள். எந்த சுருதி என்று கேட்டார். அதுவும் தெரியாதாம்! இரண்டு தட்டு தட்டுவோம், உடனே ஆரம்பித்துவிடு என்றார்கள். தட்டினார்கள். அவரும் ஆரம்பித்தார். வேலை கிடைத்துவிட்டது! பின்னாளில் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கை மணந்து, 1925-ல் அவருடைய புகழ் பெற்ற 'ஹாட் ஃபைவ்' இசைத்தட்டுகளில் பியானோ வாசித்தவர் இவர்தான்.

"இதையே தொழிலாக வைத்துக் கொண்டவர்களுக்குச் சரி, எங்களுக்கு?" என்பவர்களுக்கு ஜிம்மி யான்ஸியைச் சொல்கிறேன். சிகாகோவில் பேஸ்பால் மைதானத்துப் புல்தரையைப் பராமரிக்கும் வேலையை சுமார் 25 வருஷம் பார்த்தவர். மற்ற நேரத்தில் வீடுகளில் பியானோ. வாடகை கொடுக்கப் பணம் போதாதவர்கள் வீட்டில் விருந்து வைத்து, வருகிறவர்களிடம் சில்லறை வசூலித்து வாடகை கட்டுவார்கள். அங்கே வாசிப்பார். 1939-ல்தான் அவருடைய முதல் இசைத்தட்டு வந்தது. அவசரமே இல்லாத வாசிப்பு. மனைவி எஸ்டெல் கூடவே பாடுவார். முதலில் கேட்க வேண்டியது இவரைத்தான். அடுத்து, மேரி லூ 1930-ல் தனியாக வாசித்த 'டிராக் எம்'. இரண்டும் இப்போது செல்போனிலேயே கேட்கக் கிடைக்கின்றன. சமையல் செய்து கொண்டே கேளுங்கள். அதுவும் சாதகம்தான்.

பன்னிரண்டு கட்டம் கைக்கு வந்த பிறகு ஜாஸ். அங்கே பல பாட்டுகளுக்கு 32 கட்டம், வீடுகளும் அதிகம். ஆனால் சட்டம் அதேதான். வீடுகளின் வரிசை மாறாது, மேலே பேசுகிற பேச்சு உங்களுடையது.

உடம்பையும் கவனிக்க வேண்டும். முழங்கை கட்டையின் உயரத்துக்கு இருக்கும்படி உட்காருங்கள். தோளைத் தூக்காதீர்கள். மணிக்கட்டை மடக்காதீர்கள். துணி பிழிந்து, மாவு பிசைந்து ஓய்ந்த கை, பாவம். கால் மணி நேரம் போதும். வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

இன்று சாயங்காலம் அந்தத் துணிமணிகளை வேறு இடத்தில் வையுங்கள். குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள். பரீட்சைப் புத்தகம் அலமாரியிலேயே இருக்கட்டும். இடது கை நீங்கள், வலது கை அவள். அவள் மூன்று ஸ்வரத்தில் கேள்வி கேட்கட்டும். நீங்கள் பன்னிரண்டு கட்டத்தையும் விடாமல் பிடித்துக் கொள்ளுங்கள். நாலு சுற்று போவதற்குள், எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்றை அவள் வாசிப்பாள். அப்போது "சரியா, தப்பா?" என்று மட்டும் சொல்லாதீர்கள். "இன்னொரு தரம் வாசி, கேட்கலாம்" என்று சொல்லுங்கள்.