கோடை முகாமும் ஜாதிப் பந்தியும்

அமெரிக்க தேசத்திலுள்ள யூதர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கோடை விடுமுறை வந்தவுடன் அவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளை, ஆணையும் பெண்ணையும், ஊருக்கு வெளியே ஏரிக்கரைகளிலும் காட்டோரங்களிலும் ஏற்படுத்தியிருக்கும் முகாம்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளைகள் அங்கே சில வாரங்கள் தாய் தகப்பன் துணையின்றித் தங்கி, ஒன்றாய் உண்டு, ஒன்றாய் உறங்கி, நீந்தி, விளையாடித் திரும்புகிறார்கள். இரவும் பகலும் தங்கும் இப்படிப்பட்ட முகாம்கள் இன்று வட அமெரிக்காவில் 150-க்கு மேல் நடைபெறுகின்றன.

"யூதப் பிள்ளைகள் எங்கே படுத்துறங்கினால் பெரம்பலூரிலும் அரியலூரிலும் இருக்கிற நமக்கு என்ன?" என்று வாசகர்கள் கேட்கலாம். சங்கதி இருக்கிறது என்பதாலேயே இதை எழுதப் புகுந்தோம்.

அம்முகாம்கள் பணக்காரர்களின் உல்லாசத்திற்காக மட்டும் தோன்றியவை அல்ல. 1877-ஆம் வருஷத்தில் நியூயார்க் மாகாணத்துச் சரடோகா என்னும் ஊரில், ஜோசப் செலிக்மன் என்ற பெரிய பாங்கிக்காரருக்கு, அவர் யூதர் என்ற ஒரே காரணத்தால் ஓர் ஓட்டலில் இடமில்லை என்று சொல்லப்பட்டது. கோடீசுவரனுக்கே இந்தக் கதியானால் ஏழை யூதனின் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு பல ஓட்டல்களும், சங்கங்களும், பிள்ளைகளின் முகாம்களும் யூதரைச் சேர்ப்பதில்லை என்று கதவைச் சாத்தின. இதைப் படித்ததும் நமக்கு நமது ரயில்வே ஸ்டேஷன்களின் சிற்றுண்டிச் சாலைகள் நினைவுக்கு வராமல் போகாது. பிராமணாளுக்கு ஓர் இடம், மற்றவாளுக்கு ஓர் இடம் என்று அங்கே இருந்த பிரிவினை 1941-இல்தான் ஒழிந்தது. ஆகவே இழிவின் ருசி இரு நாட்டாருக்கும் தெரிந்ததேயாகும்.

யூதர்கள் என்ன செய்தார்கள்? கதவைத் திறக்கும்படி கெஞ்சிக்கொண்டு நிற்காமல் தாங்களே முகாம்களை ஏற்படுத்திக்கொண்டார்கள். நியூயார்க் நகரத்தின் நெருக்கமான குடியிருப்புகளில், காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைகளில் அடைபட்டுக் கிடந்த தையற்காரர், கூலிக்காரர் பிள்ளைகளுக்காக 1902-இல் சர்ப்ரைஸ் லேக் முகாம் ஏற்பட்டது. அதில் தங்கிய ஏழைப் பிள்ளைகளில் ஒருவரான ஏடி காண்டர் பிற்காலத்தில் பெயர்போன நடிகராகி, அந்த முகாமுக்கே உதவி செய்தார். 1923-இல் தொழிலாளர்கள் சேர்ந்து கிண்டர்லேண்ட் என்னும் முகாமை ஆரம்பித்தார்கள். அங்கே பூஜையும் ஜெபமும் பிரதானமல்ல. தங்கள் தாய்மொழியாகிய இத்திஷும், பாட்டும், நாடகமும், உழைப்பாளி மக்களின் சரித்திரமுமே போதனை. மற்றொரு பக்கத்தில் 1947-இல் ராமா என்னும் முகாம்கள் தோன்றின. அவை எபிரேய மொழியையும் மத ஆசாரத்தையும் பிள்ளைகளின் மனதில் ஊன்றுவதற்கென்றே ஏற்பட்டவை.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்னவென்றால், கத்தி ஒன்றுதான். அதைக் கொண்டு காய் நறுக்குவதும் கழுத்தை அறுப்பதும் பிடித்தவனைப் பொறுத்தது என்பதாகும். ஒரு ஜனத்தாரின் பிள்ளைகளை மட்டும் கூட்டி, அவர்கள் மதத்தை மட்டும் புகட்டுகிற முகாமை நாம் புகழ வரவில்லை. இன்று அம்முகாம்கள் பலவற்றில் பல ஆயிரம் டாலர் கட்டணமாகிவிட்டது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் கண்டுபிடித்த உண்மை ஒன்று உண்டு. வாரத்துக்கு ஒருநாள் வகுப்பு வைத்து வருஷக்கணக்காய்ச் சொல்லிக்கொடுத்தும் பிள்ளையின் மனதில் ஒட்டாதது, சில வாரம் ஒரே கூரையின் கீழ்ப் படுத்து எழுந்தால் ஒட்டிவிடுகிறது என்பதே அது.

இந்த உண்மை நம் நாட்டு மதக்காரர்களுக்குத் தெரியாததல்ல. பரீட்சை முடிந்ததோ இல்லையோ, கிறிஸ்தவர்கள் கோடைக்கால வேதாகமப் பள்ளி வைக்கிறார்கள். இந்துக்கள் கீதை வகுப்பும் சுலோக வகுப்பும் வைக்கிறார்கள். முஸ்லிம்கள் மார்க்க வகுப்பு வைக்கிறார்கள். காவிக்காரர்கள் தடி கொடுத்துத் தங்கல் முகாமே நடத்துகிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளை சும்மா இருக்கிறது, பிடித்துக்கொள்ளலாம் என்று எல்லா மதத்தாரும் வலையுடன் காத்திருக்கிறார்கள். மனிதனை மனிதனாக்குவதற்கு ஒரு பத்து நாள் வேண்டும் என்று கேட்பதற்குத்தான் ஆளில்லை!

நிற்க, இரவிலே அப்படி என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். பகல் முழுவதும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்த பிள்ளைகள், மாலை மணி அடித்தவுடன் ஊருக்கும் காலனிக்குமாகப் பிரிந்து போகின்றன. ஜாதி என்பது கணக்குப் பாடத்தில் இல்லை, பூகோளத்தில் இல்லை. அது தெருவில் இருக்கிறது, அடுப்பங்கரையில் இருக்கிறது, தண்ணீர்க் குடத்தில் இருக்கிறது, பாயிலும் தலையணையிலும் இருக்கிறது. பள்ளிக்கூடம் திறந்திருப்பது பகலில். ஜாதி பாடம் நடத்துவது இரவில். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு ஆதிதிராவிட மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் யார்? அந்நியர்களா? அவனோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளே. தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகு சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துரு அவர்களின் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. ஜாதி அடையாளமாகக் கையில் கட்டும் வர்ணக் கயிறுகளையும், நெற்றிக் குறிகளையும் பள்ளிக்கூடத்தில் தடுக்க வேண்டுமென்று அது சொல்லிற்று. சொன்னவுடனே கூச்சல் போட்டவர்கள் யாரென்பது வாசகர்கள் அறிந்ததே. கயிற்றை அவிழ்ப்பது அவசியந்தான். ஆனால் கையிலுள்ள கயிற்றைப் பள்ளிக்கூடம் அவிழ்த்தால், மனதிலுள்ள கயிற்றை யார் அவிழ்ப்பது?

தங்கிப் படிக்கும் இடமெல்லாம் இந்தக் காரியத்தைத் தானே செய்துவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. அதற்குச் சேரன்மாதேவியே சாட்சி. வ.வே.சு. அய்யர் நடத்திய தமிழ்க் குருகுலம் பொதுஜனங்கள் கொடுத்த பணத்தில் நடந்தது. காங்கிரஸ் பணமும் அதில் சேர்ந்திருந்தது. தேச பக்தர்களை உண்டாக்கப் போவதாகச் சொல்லப்பட்ட அந்த இடத்தில், பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி! வரதராஜுலு நாயுடு முதலியவர்கள் இதை வெளிப்படுத்தவே பெருங்கிளர்ச்சி உண்டாயிற்று. 1925-இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியில், பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்று எஸ். இராமநாதன் அவர்கள் தீர்மானமே கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒரு சில பிள்ளைகளின் இலையைத் தள்ளிப் போட்டதனால் ஒரு ஸ்தாபனமே குலைந்தது. ஒரே கூரை மட்டும் இருந்து பந்தி இரண்டானால், அது வீட்டிலிருக்கும் ஜாதியைக் காட்டிலும் கொடிய பாடத்தைக் கற்பிக்கும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

இனி நமது ஜில்லாக்களுக்கு வருவோம். பழைய திருச்சி ஜில்லாவிலிருந்து 1995-இல் பெரம்பலூரும், அதிலிருந்து முதலில் 2001-இலும் கடைசியாக 2007-இலும் அரியலூரும் பிரிந்தன. 2011 ஜனக்கணக்குப்படி பெரம்பலூர் ஜில்லாவின் ஜனத்தொகை 5,65,223. தமிழ்நாட்டிலேயே மிகச் சிறியது. அதில் நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் ஆதிதிராவிடர்கள். இந்த இரண்டு ஜில்லாக்களிலும் கோடை விடுமுறை என்றால் என்ன? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை திருச்சிக்கோ சென்னைக்கோ போய் நீட் பயிற்சி என்னும் புது யாகத்தில் ஆகுதியாகிறது. ஏழைப் பிள்ளை செந்துறை, ஆண்டிமடம் பக்கத்து முந்திரித் தோப்புகளில் தாய்க்குத் துணையாகக் கொட்டை பொறுக்குகிறது. அல்லது ஆடு மேய்க்கிறது. நடுத்தர வீட்டுப் பிள்ளை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. மூன்றும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை.

சர்க்கார் விடுதிகள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, அவை இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் படிப்பே கிடைத்திராது என்பதை நாம் நன்றாய் அறிவோம். ஆனால் ஆதிதிராவிடர் விடுதி, பிற்பட்டோர் விடுதி, மிகப் பிற்பட்டோர் விடுதி என்று வகுப்புவாரியாகவே அவை ஏற்பட்டன. 2025 ஜூலையில் அவற்றுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று ஒரே பெயர் வைத்தார்கள். நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் பலகையில் எழுத்து மாறினால் போதுமா? பாயும் பந்தியும் கலக்க வேண்டாமா? கல்லூரியிலும் மேல்வகுப்பிலும் நாட்டு நலப்பணித் திட்டம் ஏழு நாள் முகாம் நடத்துகிறதே என்றால், பதினாறு வயதுக்கு மேல் அது வருகிறது. அதற்குள் ஜாதி வேரூன்றிக் கிளைவிட்டுவிடுகிறது.

ஆகவே நாம் சொல்வது இதுதான். பெரம்பலூர், அரியலூர் ஜில்லா அதிகாரிகள் ஒவ்வொரு மே மாதத்திலும், பத்து முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பத்து நாள் தங்கல் முகாம் நடத்த வேண்டும். கட்டணம் ஒரு காசுகூட வாங்கக் கூடாது. ஊர்ப் பிள்ளையையும் காலனிப் பிள்ளையையும், சர்க்கார் பள்ளிப் பிள்ளையையும் தனியார் பள்ளிப் பிள்ளையையும் சீட்டுக் குலுக்கிக் கலந்து படுக்க வைக்க வேண்டும். சமையல் ஒன்று, பந்தி ஒன்று, தண்ணீர்ப் பானை ஒன்று. சமைப்பவர்களில் ஆதிதிராவிடர் கட்டாயம் இருக்க வேண்டும். பரிமாறுவதும், பாத்திரம் கழுவுவதும், கக்கூஸ் கழுவுவதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முறை வைத்து வரவேண்டும். உபாத்தியாயர்களுக்கும் அந்த முறை உண்டு. எந்த மதத்துப் பிரார்த்தனையும் கூடாது.

அப்படியானால் பத்து நாளும் என்ன கற்பிப்பது? இந்த மண்ணைவிட நல்ல புத்தகம் எங்கே கிடைக்கும்? பெரம்பலூர் ஜில்லா சாத்தனூரில், 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் என்னும் நிலநூல் அறிஞர் கண்டெடுத்த கல்மரம் கிடக்கிறது. பதினெட்டு மீட்டர் நீளம். ஏறக்குறைய 12 கோடி வருஷத்து வயது. ஒரு காலத்தில் இந்தப் பகுதியெல்லாம் கடல். அக்கடலில் வாழ்ந்த பிராணிகளின் ஓடுகள் படிந்ததே அரியலூர்ச் சுண்ணாம்புக் கல். அதுவே இன்று சிமெண்டாகிறது. சுருள் ஓடுடைய அம்மோனைட் என்னும் கடற்பிராணி இங்கே கல்லாய்க் கிடக்கிறது. அதே இனத்துக் கல் நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைத்தால் அதற்குச் சாளக்கிராமம் என்று பெயர். விஷ்ணு என்று சொல்லிப் பாலாபிஷேகம்! கண்டகியில் கடவுளான பிராணி அரியலூரில் சூளைக்குப் போகிறதே, அங்கே விஷ்ணு எங்கே போனார் என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்த ஒரு கேள்விக்குப் பத்து நாள் செலவும் ஈடாகும்.

2020-இல் குன்னத்தில் உருண்டைக் கற்கள் அகப்பட்டபோது டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் பரவிற்று. நிலநூல் அறிந்தவர்கள் வந்து பார்த்து, முட்டையல்ல, கடலடிப் படிவுகள் என்று விளக்கினார்கள். வதந்திக்கும் சோதனைக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிட எளிதாய்க் கற்பிக்க முடியுமா? வாரணவாசியில் புதைபடிவக் காட்சிச்சாலை இருக்கிறது. 2024-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டிப் பறவை ஏரி இருக்கிறது. இராத்திரியில் வானம் இருக்கிறது. ராகுவும் கேதுவும் அங்கே இருக்கிறார்களா என்று தூரதிருஷ்டிக் கண்ணாடியில் அவர்களே தேடட்டும்.

இதற்குச் சில ஆட்சேபணைகள் வரும். பணத்துக்கு எங்கே போவது என்பது ஒன்று. மே மாதத்தில் பள்ளிக்கூடக் கட்டடங்களும் விடுதிகளும் காலியாகக் கிடக்கின்றன, பாத்திரங்கள் இருக்கின்றன, சமைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஏழைத் தாய்க்குப் பிள்ளையின் பத்து நாள் கூலி நின்றுபோகுமே என்றால், அதையும் சேர்த்துக் கொடுப்பதே நியாயம். தேர்த் திருவிழாவுக்கும் வாணவேடிக்கைக்கும் பணம் கொடுக்கிற ஊர், இதற்குக் கொடுக்க முடியாது என்றால் யார் நம்புவார்கள்?

பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு எங்கே என்பது மற்றொன்று. இது நியாயமான கேள்வி. 2024-இல் கிருஷ்ணகிரி ஜில்லாவில் போலி என்.சி.சி. முகாமில் சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமையை யாரும் மறக்கவில்லை. அங்கே நடந்தது என்ன? நடத்த வந்தவன் யாரென்று விசாரிக்காமலே பிள்ளைகளை ஒப்படைத்தார்கள். ஆதலால் விசாரித்தறிந்த உபாத்தியாயினிகளும், தாய்மார்களின் மேற்பார்வையும், முறையிடுவதற்கு வழியும் முதலில் ஏற்படட்டும். பிறகே பாய் விரிக்கட்டும். திருடன் இருக்கிறான் என்று வீட்டுக்குப் பூட்டுப் போடுவதுண்டே தவிர, வீடே கட்டாமல் இருப்பதில்லை.

மூன்றாவது ஆட்சேபணையை வெளிப்படையாய் யாரும் சொல்லமாட்டார்கள். "நம் பிள்ளை அவர்களோடு படுப்பதா?" என்பதே அது. இவர்களுக்கு நாம் சமாதானம் சொல்லப் போவதில்லை. இவர்களுக்காகவே முகாம் வேண்டுமென்கிறோம்.

தன் இனத்தைக் காப்பாற்றிக்கொள்ள யூதன் ஏரிக்கரையில் கூடாரம் போட்டான். நமக்கோ காப்பாற்ற வேண்டிய ஜாதி எதுவும் இல்லை. ஒழிக்க வேண்டியதே இருக்கிறது. ஆதலால் நமது பிள்ளைகளுக்கு அவனைவிட அதிகமாகவே கூடாரம் தேவை. இரண்டு ஜில்லாக்களிலுமுள்ள உபாத்தியாயர்களும், வாலிபர்களும், முக்கியமாய்த் தாய்மார்களும், வருகிற கோடைக்குள் இதை அதிகாரிகளிடம் எழுதிக் கேட்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். பத்து நாள் ஒன்றாய்ப் படுத்த பிள்ளைகள் பதினோராம் நாள் அரிவாள் எடுக்க யோசிக்கும். பெரியவர்கள் யோசிக்காத குறையை அவர்களாவது தீர்க்கட்டும்.