எல்லா பெட்டுக்கும் மூச்சு 20

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு சித்தி பொண்ணு போன் பண்ணினா. பி.எஸ்சி. நர்சிங் மூணாவது வருஷம், ஹாஸ்டல் வாசம். அந்த நேரத்துல போன் வந்தா ஒண்ணு காசு வேணும், இல்லேன்னா லேப்டாப் படுத்திருக்கும். (பொட்டி தட்டுறவன்னா ஊர்ல இருக்கற பிரிண்டர் ரிப்பேர் வரைக்கும் நம்ம தலையிலதான்.) இந்த தடவை ரெண்டும் இல்லை.

"அண்ணா, என் ரூம்மேட் பேஷண்டைப் பாக்காமலே சார்ட் எழுதறா. மேம் கிட்ட சொல்லட்டுமா, வேணாமா?"

எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்தது. காப்பி அடிக்கறதைப் பத்தி யோசனை கேக்க இவளுக்கு நான்தானா கிடைச்சேன்? நாலு வருஷ இன்ஜினியரிங்ல நான் சொந்தமா எழுதின ரெக்கார்ட் நோட்டை எண்ண ஒரு கை போதும். லேப்ல கோட்டை முதல்ல போட்டுட்டு புள்ளியை அப்புறம் வெச்ச கோஷ்டி நாங்க. அதனால யோக்கியன் வேஷமெல்லாம் இங்க போடப் போறதில்லை.

ஆனா அவ விவரமா சொல்லச் சொல்ல சிரிப்பு போயிடுச்சு.

காலையில வார்டுக்குப் போனதும் டி.பி.ஆர். எடுக்கணும். டெம்பரேச்சர், பல்ஸ், மூச்சு. முதல் ரெண்டுக்கும் தெர்மாமீட்டரும் விரல்ல மாட்டற கருவியும் இருக்கு. சாதா வார்டுல மூச்சுக்கு மட்டும் அப்படி எதுவும் கிடையாது. செகண்ட் முள் இருக்கற வாட்ச்சோட பக்கத்துல நின்னு, நெஞ்சு ஏறி இறங்கறதை முழுசா ஒரு நிமிஷம் எண்ணணும். அதுவும் அவங்களுக்குத் தெரியாம எண்ணணும், தெரிஞ்சா மூச்சு விடற விதமே மாறிடும். பத்து பெட்டுன்னா பத்து நிமிஷம் போச்சு. ரூம்மேட் அம்மணி என்ன பண்றாங்கன்னா, எல்லா பெட்டுக்கும் 20ன்னு எழுதிட்டு கேன்டீன் போயிடறாங்க. இருமிக்கிட்டே இருக்கற தாத்தாவுக்கும் 20, நேத்து ஆபரேஷன் முடிஞ்ச அக்காவுக்கும் 20.

"20ன்னு போட்டா யாரும் கேக்க மாட்டாங்கண்ணா. நார்மல்தானே."

இங்கதான் எனக்கு இடிச்சது. உடம்பு மோசமாகப் போகுதுன்னா பல சமயம் முதல்ல ஏறறது மூச்சு எண்ணிக்கைதான். பிரிட்டன்ல ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012ல ஒரு மார்க் முறை கொண்டு வந்தாங்க. மார்க் ஏற ஏற ஆபத்து. மூச்சு 12லேர்ந்து 20 வரைக்கும்னா பூஜ்யம். 21 ஆனா 2 மார்க். 25 ஆகிட்டா அது ஒண்ணுக்கே 3 மார்க், உடனே ஆள் வந்து பாக்கணும். அதாவது, அந்தப் பொண்ணு எழுதற 20 வெறும் பொய் இல்லை. அலாரத்தோட ஒயரைப் பிடுங்கி விடற பொய். கட்டத்தைக் காலியா விட்டிருந்தாக்கூட பரவாயில்லை, அடுத்த ஷிஃப்ட்ல வர்ற சிஸ்டர் 'ஏன் காலி?'ன்னு கேப்பாங்க. நம்ம பொழப்புல சொன்னா, சர்வர் செத்துக் கிடக்கும்போதும் லாக்ல 'ஓகே, ஓகே'ன்னு எழுதற புரோகிராம் இது. நான் அப்படி எழுதினா மேனேஜர் கிட்ட திட்டு வாங்கிட்டு பழைய வெர்ஷனைத் திரும்பப் போட்டுக்கலாம்.

அப்போ பரீட்சையில பிட் அடிக்கறது? அதையும் சும்மா விட முடியாது. நம்ம ஊர்ல இன்சுலின் 40 யூனிட் பாட்டில்லயும் வருது, 100 யூனிட்லயும் வருது. ஊசியும் ரெண்டு வகை, 40க்கு சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 ஊசியில 20 கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது 50 யூனிட். இந்தக் கணக்கைப் பக்கத்து பெஞ்சைப் பாத்து எழுதினவ நாளைக்கு நைட் டியூட்டில தனியா நிக்கறப்போ எந்த பெஞ்சை எட்டிப் பாப்பா?

பாஸ் பண்ணிட்டாளே, அப்போ தெரியும்னுதானே அர்த்தம்னு ஒரு வாதம் உண்டு. 2023 ஜனவரியில அமெரிக்காவுல 'ஆபரேஷன் நைட்டிங்கேல்'னு ஒரு விவகாரம் வெளிய வந்தது. ஃப்ளோரிடாவுல மூணு நர்சிங் ஸ்கூல் பேர்ல 7,600க்கும் மேல போலி சர்ட்டிஃபிகேட் வித்திருக்காங்க. வாங்கினவங்கள்ல சுமார் 2,400 பேர் லைசன்ஸ் பரீட்சையில பாஸ். பரீட்சையால மட்டும் நர்ஸை அளந்துட முடியாதுங்கறதுக்கு வேற என்ன வேணும்? (பேரு வெச்சவங்களுக்கு குசும்பு ஜாஸ்தி. நைட்டிங்கேல் அம்மையார் சாவுக் கணக்கை ஒழுங்கா எழுதி, படம் போட்டுக் காட்டியே அரசாங்கத்தை அசைச்சவங்க.)

அதுக்காக எல்லாத்தையும் போய் மேம் கிட்ட சொல்லுன்னு நான் சொல்லலை. அவ இன்னும் ஒண்ணரை வருஷம் அதே ரூம்ல தூங்கணும். 'போட்டுக் கொடுக்கறவ'ன்னு பேர் வாங்கினா ஹாஸ்டல்ல சோத்துக்குத் துணை கிடைக்காது. இந்தக் கஷ்டம் தெரியாம "தைரியமா சொல்லும்மா"ன்னு சொல்றது போன்ல இருக்கறவனுக்கு ரொம்ப சுலபம். தப்பு காலேஜ் மேலயும் இருக்கு. ராத்திரி ஒரு மணி வரைக்கும் கேர் பிளான் எழுத வெச்சு, மார்ஜின் நேரா இருக்கான்னு பாத்து மார்க் போட்டா, புள்ளைங்க நோட்டைத்தான் கவனிக்கும், பேஷண்டை இல்லை.

நான் சொன்னது இவ்வளவுதான். பிட் அடிச்சா அவ பாடு. உன் பேப்பரைக் காட்டாதே, நீ போலீஸும் ஆகாதே. சார்ட்ல பொய் எழுதினா அன்னைக்கே, வார்டுலயே, நேரா அவ கிட்ட சொல்லு: "வா, ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணித் திருத்திடலாம்." மாட்டேன்னாலோ, மறுபடியும் செஞ்சாலோ அப்பவே வார்டு சிஸ்டர் கிட்ட போ. அந்தத் தாத்தா உன்கூட ஹாஸ்டல்ல இல்லை, அவருக்காகப் பேச அங்க வேற ஆளும் இல்லை.

"ஃபிரண்ட்ஷிப் போயிடுமேண்ணா"ன்னா. போகலாம்னேன். வேற என்ன சொல்ல?

நேத்து மறுபடி போன். சொல்லிட்டாளாம். ரூம்மேட் அன்னைக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சவதான், ரெண்டு வாரமா பேச்சு இல்லையாம். ஆனா வார்டுல ஒவ்வொரு பெட் பக்கத்துலயும் வாட்ச்சைப் பாத்துக்கிட்டு நிக்கறாளாம். எண்றாளா, எண்ற மாதிரி நிக்கறாளான்னு இவளுக்குத் தெரியலை. சார்ட்ல இப்போ 18, 22, 24ன்னு வருதாம்.